பலகையும் விதியும்

பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பாரிவாக்கம் என்னும் ஊர் உள்ளது. சென்னை மாநகரம் மேற்கு நோக்கி வளர வளர, இவ்வூரைச் சூழ்ந்த கழனிகள் பலவும் மனைகளாயின. ஆயினும், ஏரி இன்றும் ஊரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இவ்வூர் மாணவன் ஒருவன் தன் ஊர் ஏரியையே பொருளாகக் கொண்டு ஒரு பலகை ஆட்டம் வகுக்க எண்ணுகின்றான் எனக் கொள்க. கெட்டியான அட்டை ஒன்றை எடுக்கின்றான். நீல வண்ணத்தால் ஏரியைத் தீட்டுகின்றான். கரையும், மதகும், மிகுநீர் வழிந்தோடும் கலிங்கும், பனைமர வரிசையும், ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கும் அழகுற வரைகின்றான். மாலை மயங்குமுன் படம் முடிந்துவிடுகின்றது. மகிழ்ச்சி மிக்கவனாய்த் தங்கையை அழைத்து எதிரே அமர்த்துகின்றான்.

"அண்ணா, இதில் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று அவள் கேட்கின்றாள்.

மாணவனிடம் விடை இல்லை. படம் வரைதல் வேறு. ஆட்டம் வகுத்தல் வேறு. பலகையும் காயும் கண்ணுக்குப் புலனாவன, விதியோ புலனாகாதது. எனினும், ஆட்டத்திற்கு உயிராவது அவ்விதியே ஆகும். தன் முறை வரும்பொழுது ஒருவர் எதைச் செய்யலாம், எதைச் செய்தல் ஆகாது, ஆட்டம் எப்பொழுது முடியும், வென்றவர் யாவர் என்று அறுதியிட்டு உரைக்காத பலகை, எத்துணை அழகியதாயினும் வெறும் அட்டையே.

இவ்வுண்மை தமிழர்க்குப் புதியது அன்று. வள்ளுவர் கல்லாமையைப் பழிக்குமிடத்து, நிரம்பிய நூலறிவின்றி அவையில் பேசப் புகுவானை, அரங்கு இழைக்காமல் வட்டு உருட்டி ஆடுவானுக்கு ஒப்பிட்டார். அரங்கு என்பது தரையில் வகுக்கப்பட்ட கட்டம். கட்டம் இல்லாத இடத்தில் காய் உருளலாம், ஆட்டம் நிகழாது. அவர்க்கும் முற்பட்ட தொல்காப்பியர், எழுத்துகள் புணரும் இயல்பைக் கூறி வருகையில், வல் என்னும் ஆட்டத்தின் பெயர்ச்சொல்லுக்குத் தனியே விதி வகுத்தார். அச்சொல்லின் முன் நாய் என்னும் சொல்லும் பலகை என்னும் சொல்லும் வந்தால், வல்லநாய் எனவும் வல்லப்பலகை எனவும் ஆகும் என்பது அவ்விதியின் பயன்களுள் ஒன்று. நாய் என்றது ஆட்டக்காயை. இலக்கண ஆசிரியர் ஒருவர் ஆட்டக்காயின் பெயருக்கும் ஆட்டப்பலகையின் பெயருக்கும் நூற்பா செய்ய நேர்ந்ததெனின், அவ்வாட்டம் அந்நாளில் எத்துணைப் பெருவழக்காய் இருந்திருத்தல் வேண்டும்! வைகைக் கரையில் கீழடியில் நிகழ்ந்த அகழாய்வில் தந்தத்தாலான தாயக்கட்டைகளும், சுட்ட மண்ணாலான வட்டுகளும் கிடைத்துள்ளன. இலக்கணம் சொன்னதை மண்ணும் சொல்லுகின்றது.

ஈண்டு ஒன்று தெளிதல் வேண்டும். பொருள் வைத்து ஆடும் சூதினை வள்ளுவர் ஓர் அதிகாரத்தால் கடிந்தார். சூது வேறு, ஆட்டம் வேறு. சூதில் பணயம் போய்விட்டால் மிஞ்சுவது ஒன்றும் இல்லை. ஆட்டத்தில் பணயமே இல்லை. எனினும் இருவர் உணவையும் மறந்து ஆடுகின்றனர். அவர்களை அவ்வாறு பிணித்து வைப்பது யாது? விதிகளின் நேர்த்தியே ஆகும்.

தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றின் கல்தளங்களில் முக்கோண வடிவில் கோடுகள் கீறப்பட்டிருப்பதைக் காணலாம். அது ஆடுபுலி ஆட்டத்தின் அரங்கு. கோடுகள் கூடும் புள்ளிகள் 23. ஒருவர்க்கு 3 புலிகள். மற்றவர்க்கு 15 ஆடுகள். புலி தன்னை அடுத்து நிற்கும் ஆட்டைத் தாண்டி, அதற்கப்பால் உள்ள வெற்றிடத்தில் குதித்து அவ்வாட்டைக் கொல்லும். ஆடு எதனையும் கொல்ல இயலாது. ஆடுகளை உடையவர் அவற்றை ஒவ்வொன்றாகப் புள்ளிகளில் இறக்குதல் வேண்டும். 15 ஆடுகளும் இறங்கிய பின்னரே எந்த ஆடும் நகரலாம். மூன்று புலிகளும் அசைய இடமின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி.

இருதரப்பாரும் ஒரே வகைக் காய்களை ஒரே எண்ணிக்கையில் கொண்டு ஆடுவதே நேர்மை என்று எண்ணுவார் உளர். சதுரங்கம் அவ்வாறே அமைந்தது. ஆடுபுலி ஆட்டமோ, வலிமையிலும் தொகையிலும் வேறுபட்ட இருவரை எதிரெதிர் நிறுத்தி, இருவர்க்கும் வெல்லும் வாய்ப்பை ஈந்தது. இவ்வகைச் சமமற்ற தரப்புகளை உடைய ஆட்டங்களை வகுத்தல் மிகக் கடினம் என்பது இக்கால ஆட்டம் வகுப்போர் நன்கறிந்தது. 15 என்னும் எண்ணை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆடுகள் மிகக் குறைந்தால் புலிகளை வளைக்க ஆள் இராது. மிகப் பெருகினால் புலிகள் நின்ற இடத்திலேயே நெருக்குண்டு போகும். இந்த எண்ணைக் கண்டவர் இன்னார் என ஒருவரைச் சுட்ட இயலாது. திண்ணையிலும் மண்டபத்திலும் தலைமுறை தலைமுறையாக ஆடியோர், ஒன்றைக் கூட்டியும் ஒன்றைக் குறைத்தும் பார்த்து, 'இதுவே சரி' என்று ஒப்பிய எண் அது எனலாம்.

எல்லாப் பழைய ஆட்டமும் இவ்வாறு குறையற்றது என்று கருதிவிடுதலும் தவறு. தாயக்கட்டை ஆட்டத்தில், தாயம் விழுந்தாலன்றிக் காய் அரங்கினுள் புக இயலாது. தாயம் விழாதவர் வாளா அமர்ந்திருப்பார். ஏனையோரின் காய்கள் பாதி வழியைக் கடந்திருக்கும். அவர்க்குக் கைதான் வலிக்கும், அறிவுக்கு வேலையில்லை. பாட்டிமார் இதனைப் பொறுமைக்குப் பயிற்சி என்று சொல்லித் தேற்றுவர். உண்மையில் அது வகுப்பில் உள்ள ஒரு குறையே.

பரமபத சோபானம் இன்னும் ஒரு படி அப்பாற்பட்டது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருப்பதற்காகத் தமிழ்நாட்டு இல்லங்களில் இதனை ஆடுவது வழக்கம். ஏணியில் ஏறுவதும் பாம்பின் வாயில் வீழ்வதும் கட்டையின் வீழ்ச்சியால் நேர்வனவே. ஆடுபவரின் தேர்வுக்கு இடம் சிறிதும் இல்லை. எனினும் இதனைக் குறை என்று தள்ளிவிடுதல் ஆகாது. இரவு முழுதும் சிறுவரும் முதியவரும் ஒருங்கே அமர்ந்து விழித்திருக்க வேண்டுமெனின், ஐந்து வயதுக் குழந்தையும் பாட்டனை வெல்லக்கூடிய ஆட்டமே அதற்கு ஏற்றது. அன்றியும், நற்பண்புகள் உயர்த்தும், தீய பண்புகள் வீழ்த்தும் என்னும் கருத்தை ஏணிகளும் பாம்புகளும் தாங்கி நின்றன. இவ்வகை ஆட்டம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குச் சென்றது. அமெரிக்காவில் 1943ஆம் ஆண்டு மில்டன் பிராட்லி என்னும் நிறுவனம் பாம்புகளையும் அகற்றிவிட்டுச் சறுக்குமரங்களை அமைத்தது. விளையாடும் முறை மாறவில்லை. ஏணிக்கும் பாம்புக்கும் உரிய அறப்பொருள் மட்டும் மெல்ல மெல்லத் தேய்ந்தது. இன்று கடைகளில் விற்கும் பாம்புக்கட்ட அட்டைகள் பலவற்றில் 1 முதல் 100 வரை எண்களே உள்ளன. படத்தில் மட்டும் எழுதிவைத்த பொருள், படம் மாறினால் போய்விடுகின்றது.

சென்னையில் 2002ஆம் ஆண்டு வினிதா சித்தார்த்தா தொடங்கிய கிரீடா என்னும் நிறுவனம், பல்லாங்குழி, ஆடுபுலி, பரமபதம் முதலியவற்றை மீண்டும் செய்து விதித்தாளோடு வெளியிட்டு வருகின்றது. முதியோரின் நினைவிலிருந்தே விதிகளைத் திரட்டுதல் வேண்டும். ஓர் ஊரில் பல்லாங்குழியின் குழி ஒன்றுக்கு 5 முத்து இடுவர். மற்றோர் ஊரில் 6 இடுவர். ஓர் ஊரில் குழியில் நான்கு முத்து சேர்ந்ததும் 'பசு' என்று சொல்லி எடுத்துக்கொள்வர். பிறிதோர் ஊரில் அவ்வழக்கே இராது. இவற்றுள் எதனை அச்சிடுவது? வாய்வழி வந்த ஆட்டத்தைத் தாளில் ஏற்றுதல், ஏட்டுச்சுவடியைப் பதிப்பித்தற்கு ஒப்பான பணியே ஆகும்.

அரசர் ஒருவரும் ஆட்டம் வகுத்ததுண்டு. மைசூரை ஆண்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) பலகை ஆட்டங்களிலும் சீட்டாட்டங்களிலும் பெருவிருப்புடையவர். அவர் தொகுப்பித்த ஸ்ரீதத்துவநிதி என்னும் பெருநூலின் ஒரு பகுதி ஆட்டங்களுக்கே உரியது. அவர் வகுத்த சீட்டாட்டங்களுள் சிலவற்றில் முந்நூறு சீட்டுகளுக்கு மேல் உண்டு. ஒவ்வொன்றும் ஓவியர் கையால் தீட்டப்பெற்றது. ஆயினும் அவை அரண்மனையைக் கடந்து மக்களிடையே பரவவில்லை. சீட்டுகளைக் கையில் பிடிப்பதும் அரிது. முறைகளை நினைவில் கொள்வதும் அரிது. ஆட்டம் ஆடுக என்று அரசாணை பிறப்பிக்கலாம். அதில் விருப்பம் கொள்க என்று பிறப்பிக்க இயலுமோ?

இனி, இத்துறையில் யாவரும் அறிய வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவில் எலிசபெத் மேகி (1866–1948) என்னும் பெண்மணி சுருக்கெழுத்துப் பணி செய்து வாழ்ந்து வந்தார். நிலத்தைச் சிலர் தம் உடைமையாக வளைத்துக்கொண்டு, பிறர் உழைப்பால் விளையும் பயனை வாடகையாக வாங்குவதே வறுமைக்கு வேர் என்பது ஹென்றி ஜார்ஜ் என்னும் அறிஞரின் கொள்கை. அக்கொள்கையில் ஊறியவர் மேகி. அதனைச் சொற்பொழிவால் உணர்த்துவதினும் ஆட்டத்தால் உணர்த்துதல் நன்று என்று எண்ணி, 'நிலவுடைமையாளர் ஆட்டம்' என ஒன்றை வகுத்து 1904ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். பலகையைச் சுற்றிச் சுற்றி வருதல், மனைகளை வாங்குதல், பிறர் மனையில் காய் நின்றால் வாடகை செலுத்துதல் ஆகியன அதன் முறைகள். அவர் இருவகை விதிகளை அமைத்தார். ஒரு வகையில், ஒருவர் எல்லாவற்றையும் வளைத்து ஏனையோரைக் கடனாளியாக்கி வெல்வார். மற்றொரு வகையில், நில வாடகை பொதுக் கருவூலத்திற்குச் சென்று யாவரும் செழிப்பர். ஒரே பலகையில் இரண்டையும் ஆடிப் பார்த்தால் எது நன்று என்பது தானே விளங்கும் என்பது அவர் கருத்து.

நடந்தது வேறு. மக்கள் முதல் வகையையே விரும்பினர். வீட்டிலேயே துணியிலும் அட்டையிலும் படியெடுத்து, ஊர்ப்பெயர்களை மாற்றி ஆடி வந்தனர். இரண்டாம் வகை மறைந்தது. 1930களின் தொடக்கத்தில் சார்லஸ் டாரோ என்பவர் நண்பர் வீட்டில் இவ்வாட்டத்தைக் கற்று, தமது படைப்பாக விற்கத் தொடங்கினார். 1935இல் பார்க்கர் சகோதரர் நிறுவனம் அதனை வாங்கி 'மோனோபொலி' என்ற பெயரில் உலகெங்கும் பரப்பியது. டாரோ பெருஞ்செல்வரானார். மேகியின் காப்புரிமைக்கு அந்நிறுவனம் அளித்த தொகை 500 டாலர். அவர் பெயர் பல ஆண்டுகள் மறைந்திருந்து, 1970களில் ஒரு வழக்கின் வாயிலாகவே உலகுக்கு வெளிப்பட்டது. 'பிசினஸ்' என்றும் 'டிரேடு' என்றும் இந்நாட்டு நகரங்களின் பெயரோடு தமிழ் இல்லங்களில் ஆடப்பெறுவனவும் அதன் கிளைகளே.

மேகிக்கு இழைக்கப்பட்ட அநீதி பெரிது. அதற்கும் மேலாக எண்ணத்தக்கது, அவர் கருத்துக்கு நேர்ந்த கதி. பிறரை வறியராக்குதல் தீது என்று காட்ட வகுத்த ஆட்டத்தில், பிறரை வறியராக்குவதே கைதட்டலுக்கு உரியதாயிற்று. வகுத்தவர் மனத்தில் எக்கருத்து இருப்பினும், எதற்கு வெற்றி அளிக்கின்றதோ அதனையே விதி கற்பிக்கும். பாரிவாக்கத்து மாணவனுக்கு இதனினும் வேண்டிய பாடம் வேறொன்று இல்லை. அவன் அதனை எவ்வாறு அறிகின்றான் என்பது பின்னர் வரும்.

செருமனி நாட்டில் பலகை ஆட்டம் வகுத்தல் ஒரு கலையாகவே மதிக்கப்பெறுகின்றது. நூலின்மேல் ஆசிரியர் பெயர் இருப்பதுபோல் ஆட்டப்பெட்டியின்மேல் வகுத்தவர் பெயர் பொறிக்கப்பெறும். ஆண்டின் சிறந்த ஆட்டத்திற்கு 1979 முதல் விருது வழங்கப்படுகின்றது. அவ்விருதைப் பன்முறை பெற்றவர் கிளாவுஸ் டொய்பர் (1952–2023). பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்து தரும் தொழில் அவருடையது. ஓய்வுப் பொழுதுகளில் வீட்டு நிலவறையில் அமர்ந்து அட்டை வெட்டியும் மரம் செதுக்கியும் ஆட்டங்களை உருவாக்கினார். சில ஆண்டுகள் இல்லத்தாரோடு ஆடி ஆடித் திருத்திய பின் அவர் 1995இல் வெளியிட்ட 'கட்டான்' என்னும் ஆட்டம் 4 கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் விற்றுள்ளது.

கட்டான் என்பது ஒரு கற்பனைத் தீவு. அறுகோண வடிவான 19 துண்டுகளைச் சேர்த்து அத்தீவை அமைப்பர். ஒவ்வொரு முறையும் தீவு வேறாகும். மரம், செங்கல், கம்பளி, தானியம், தாது ஆகியவற்றுள் ஒன்றை ஒவ்வொரு துண்டும் தரும். ஒரு துண்டு மட்டும் விளைவற்ற பாலை. விளையும் துண்டின்மேல் ஓர் எண் உண்டு. இரண்டு பகடைகளை உருட்டி வரும் கூட்டுத்தொகை எதுவோ, அவ்வெண்ணுள்ள நிலம் விளையும். இங்கே கணக்கு வேலை செய்கின்றது. இரு பகடைகள் விழும் வகை 36. அவற்றுள் 2 என்னும் தொகை ஒரே வகையில் வரும். 12 என்பதும் அவ்வாறே. 6 என்பது ஐந்து வகையில் வரும். 8 என்பதும் ஐந்து வகையில் வரும். 7 என்பதோ ஆறு வகையில் வரும். ஆதலின் 6, 8 எண்ணுள்ள நிலத்தருகே குடியேறியவர் மிகுதியாக விளைவு பெறுவர். 7 விழுந்தால் எந்நிலமும் விளையாது. கள்வன் ஒருவன் புறப்பட்டு ஒரு நிலத்தை அடைத்துக்கொள்வான். பகடை தற்செயலானது, எங்கே குடியேறுவது என்பதோ அறிவின்பாற்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று அழிக்காமல் இணைந்து நிற்கின்றன.

தாயக்கட்டையில் கண்ட குறைக்கும் இதில் மருந்து உண்டு. பகடையை உருட்டியவர் எவராயினும், அவ்வெண்ணுள்ள நிலத்தருகே வீடு உடைய அனைவரும் விளைவு பெறுவர். முறைக்குரியவர் தம்மிடம் இல்லாத பொருளைப் பிறரிடம் கேட்டுப் பண்டமாற்றுச் செய்யலாம். "செங்கல் ஒன்று தந்தால் கம்பளி இரண்டு தருவேன்" என்று பேரம் நிகழும். ஆகவே, தம் முறை அல்லாத பொழுதும் எவரும் வாளா இருப்பதில்லை.

இனிப் பாரிவாக்கத்திற்குத் திரும்புவோம். தங்கையின் வினாவால் தெளிவுற்ற மாணவன் வண்ணக்கோலைக் கீழே வைத்துவிட்டு விதி எழுதத் தொடங்குகின்றான். ஏரி நடுவே 24 புளியங்கொட்டைகள்; அவையே நீர். ஆடுவோர் நால்வர், ஒவ்வொருவரும் ஏரிப்பாசனம் பெறும் உழவர். ஒவ்வொருவர் கையிலும் 1, 2, 3 என்று எழுதிய மூன்று சீட்டுகள். பருவந்தோறும் நால்வரும் ஒவ்வொரு சீட்டைக் கவிழ்த்து வைத்து ஒருங்கே திறத்தல் வேண்டும். எழுதிய எண்ணளவு கொட்டையை எடுத்துக்கொள்ளலாம். பின்னர் மழை பெய்யும். ஏரியில் எஞ்சியதில் பாதியளவு மீண்டும் சேரும். அரைக் கொட்டை விழுந்தால் விட்டுவிடலாம். 24க்கு மிகுந்தது கலிங்கு வழியே ஓடிவிடும். மிகுதியான கொட்டை சேர்த்தவர் வென்றவர்.

மழை எஞ்சிய நீரைப் பார்த்தோ பெய்கின்றது என்று ஒரு நண்பன் மறுக்கின்றான். வினா நல்லதே. வறண்டு வெடித்துக் கிடக்கும் ஏரி முதல் மழையைத் தானே குடித்துவிடும். நீர் நிற்கும் ஏரியில் வந்த நீர் நிற்கும். உலகியல் முழுவதையும் அட்டையில் ஏற்ற இயலாது. அதன் சாயலை ஒரு சிறு கணக்கில் அடக்குவதே வகுப்போர் செய்யக் கூடியது.

கணக்கிட்டுப் பார்த்தால், நால்வரும் இரண்டிரண்டு எடுத்தால் 8 குறைந்து 16 எஞ்சும். மழையால் 8 சேர்ந்து மீண்டும் 24 ஆகும். ஏரி என்றும் வற்றாது. மாணவன் மகிழ்கின்றான். ஆனால் ஆடத் தொடங்கியதும் ஒரு நண்பன் மட்டும் பருவந்தோறும் மூன்று எடுக்கின்றான். ஏரி 22 ஆகின்றது, பின்னர் 19, பின்னர் 15, பின்னர் 9. ஐந்தாம் பருவத்தில் ஒரு கொட்டையும் இல்லை. மூன்று எடுத்தவனிடம் 15 கொட்டை; ஏனையோரிடம் பத்துப் பத்து. ஏரியை வற்றச் செய்தவன் வென்றான்! அடுத்த முறை நால்வரும் மூன்று மூன்று எடுக்க, மூன்றாம் பருவத்திலேயே ஏரி எல்லோர்க்கும் போதாமல் வறள்கின்றது. நீரைக் காக்க வேண்டும் என்று சொல்ல வகுத்த ஆட்டம், நீரை முந்திக்கொண்டு அள்ளுக என்று கற்பித்துவிட்டது. மேகியின் கதை பாரிவாக்கத்துத் திண்ணையில் மீண்டும் நிகழ்ந்தது.

அமெரிக்கரான மேட் லீகாக் 2008இல் வெளியிட்ட 'பாண்டமிக்' என்னும் ஆட்டத்தில், கொள்ளைநோய் பரவாமல் தடுக்க ஆடுவோர் அனைவரும் ஒரு பக்கம் நின்று உழைப்பர். வென்றால் எல்லோரும் வெல்வர், தோற்றால் எல்லோரும் தோற்பர். மாணவன் அந்நெறியில் ஒரு பகுதியைக் கொள்கின்றான். ஆறு பருவத்திற்குள் ஏரி வற்றினால் நால்வரும் தோற்றவர்; வற்றாவிடின் மிகுதியாகச் சேர்த்தவர் வென்றவர். இது போதும் என்றே தோன்றுகின்றது. ஆயினும் அதே நண்பன் மீண்டும் மூன்று எடுக்கின்றான். எடுத்துவிட்டு, "ஏரி வற்றினால் எல்லோரும் தோற்போம், யாராவது ஒருவர் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கூறுகின்றான். தங்கை மனம் பொறாது ஒன்றே எடுக்கின்றாள். மூன்றும் இரண்டும் இரண்டும் ஒன்றும் எட்டு, ஏரி நிலைக்கின்றது. ஆறு பருவம் முடிந்தபின் அவனிடம் 18, இருவரிடம் 12, ஏரியைக் காத்த தங்கையிடம் 6. அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுகின்றாள்.

இந்த இடத்தில் பலர் ஆட்டத்தைக் கைவிட்டுவிடுவர். அல்லது மூன்று என்னும் சீட்டையே நீக்கிவிடுவர். மூன்றை நீக்கினால் ஆசைக்கு இடமில்லை; ஆசைக்கு இடமில்லையேல் ஆட்டமும் இல்லை. மாணவன் தன் பாட்டனாரிடம் ஏரிப்பாசன முறையைக் கேட்கின்றான். மதகைத் திறந்து அடைத்து, வயல்தோறும் முறைவைத்து நீர் பாய்ச்சுதற்கு ஊரார் ஒருவரை அமர்த்துவதுண்டு என்றும், அவரை நீர்க்கட்டி என்பர் என்றும் அவர் கூறுகின்றார். அன்றிரவு புதிய விதி எழுதப்படுகின்றது. ஒரு பருவத்தில் மற்ற எல்லோரினும் குறைவாக எடுத்தவரே அடுத்த பருவத்து நீர்க்கட்டி. சீட்டுகள் திறந்தபின், அவர் விரும்பினால் ஒருவருடைய பங்கில் இரண்டைக் குறைத்து ஏரியில் விடலாம். இப்பொழுது ஒன்று எடுத்தல் ஏமாளித்தனம் அன்று. அடுத்த பருவத்து மதகு அவர் கையில். மூன்று எடுப்பவன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணுகின்றான்.

விதி அமைந்தபின் அதனைப் பிறர் ஆடும்படி எழுதுதல் தனிக்கலை. 'குன்றக் கூறல்' என்றும் 'மாறுகொளக் கூறல்' என்றும் நூலுக்குரிய குற்றங்களைத் தமிழிலக்கணம் வகுத்துரைக்கின்றது; அவற்றை விதித்தாள் எழுதுவோர்க்கென்றே சொல்லியதாகவும் கொள்ளலாம். இதற்கு ஒரு கடுமையான சோதனை உண்டு. ஆட்டத்தை அறியாத சிலரிடம் பலகையையும் தாளையும் கொடுத்துவிட்டு, வகுத்தவர் ஒரு புறமாக அமர்ந்திருத்தல் வேண்டும். அவர்கள் தவறாக ஆடினும் வாய் திறத்தல் ஆகாது, திருத்துதல் ஆகாது, பெட்டிக்குள் வகுத்தவரும் உடன் செல்ல இயலாதன்றோ? எங்கே அவர்கள் தயங்கினர், எங்கே சச்சரவு எழுந்தது, எங்கே ஒருவர் கொட்டாவி விட்டார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

அடுத்த தெருச் சிறுமியர் நால்வர் தாளை உரக்கப் படிக்கின்றனர். மாணவன் தூணோரம் குறிப்பேட்டோடு அமர்ந்திருக்கின்றான். முதற்பருவம் முடிகின்றது. இரண்டாம் பருவத்தில் நீர்க்கட்டியானவள், எல்லோரும் இரண்டே எடுத்திருந்தும், அருகில் இருந்தவளின் இரண்டு கொட்டைகளையும் பறித்து ஏரியில் இடுகின்றாள். "ஏனடி என்னுடையதை எடுத்தாய்?" என்று அவள் சினக்க, "நீர்க்கட்டி ஒருவருடையதைக் குறைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதே" என்று இவள் தாளைக் காட்டுகின்றாள். மாணவன் உதட்டைக் கடித்துக்கொண்டு பேசாதிருக்கின்றான். ஆட்டம் முடிந்து அவர்கள் சென்றபின் தாளை எடுத்துப் பார்க்கின்றான். 'குறைக்கலாம்' என்று எண்ணியவன் 'குறைக்க வேண்டும்' என்று எழுதியிருக்கின்றான். அச்சொல்லை அடித்துத் திருத்திவிட்டு, கொட்டைகளை எண்ணி மீண்டும் ஏரியில் வைக்கின்றான். தங்கை வந்து எதிரே அமர்கின்றாள்.